அண்ணனுக்கு நான் கொடுத்த சமையல் புத்தகம்

மகனே,

இங்கே நாங்கள் சுகம். உன் அப்பாவின் இருமலும் சுகமாகத்தான் இருக்கிறது, ஒரு குறையும் இல்லாமல் தினமும் வந்து போகிறது. புதன்கிழமை நீ கொழும்பிலிருந்து போன் போட்டு, நிரோஷா நிறைய வாசிப்பாளாம், அவளுக்கு என்னென்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு லிஸ்ட் அனுப்புங்கள் என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஹட்டனில் புத்தகக் கடை வைத்திருப்பவளின் ஒரே பிள்ளை நீ. கடையின் பின்பக்கம் பள்ளிக் கொப்பிக் கட்டுகளின் மேல் படுத்துத் தூங்கி வளர்ந்தவன். அப்படி வளர்ந்தும் ஒரு கதைப் புத்தகத்தை நீ கடைசிப் பக்கம் வரை வாசித்து நான் பார்த்ததில்லை. இப்போது கல்யாணம் நிச்சயமானதும் கதையில் ஒன்று, கவிதையில் ஒன்று, வரலாற்றில் ஒன்று, துப்பறிவதில் ஒன்று என்று மரக்கறிக் கடையில் நின்று சொல்வது போலச் சொல்கிறாய். சரி அனுப்புகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். உட்கார்ந்து எழுதப் பார்த்தால் லிஸ்ட் வரவில்லை, இந்தக் கடிதம்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம். ஆனால் நீ அதை வேகமாக ஓட விட்டுக் கேட்பாய். அந்த வேகத்தில் கேட்டால் நான் யாருடனோ சண்டை போடுவது போல இருக்கிறது என்று உன் அப்பா சொல்கிறார். அதனால் எழுதுகிறேன், நிதானமாக வாசி.

இன்னொரு விஷயமும் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு மாமா ஏன் வரவில்லை என்று நீ கேட்டபோது, அவருக்கு முழங்கால் வலி என்று சொன்னோம். அவருடைய முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அவருக்குக் கோபம். நிச்சயதார்த்தத்துக்கு மட்டுமில்லை, உன் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று இருந்தார். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டிவிட வேண்டியவர் தாய்மாமன், எனக்கு இருப்பதோ ஒரே அண்ணன். அவருடைய கோபத்துக்குக் காரணம் ஒரு புத்தகம். அதை எடுத்துக் கொடுத்தவள் உன் அம்மா, புத்தகம் தேர்ந்து கொடுப்பதில் ஊரில் பெரிய பேர் எடுத்தவள். ஆகவே நீ கேட்ட லிஸ்டும் இந்தக் கதையும் ஒன்றுதான்.

நம் கடையில் சோறு போடுவது கொப்பியும் பரீட்சை வினாத்தாளும் பஞ்சாங்கமும் என்பது உனக்குத் தெரியும். கதைப் புத்தகங்கள் ஒரே ஒரு அலுமாரிதான். ஆனால் எனக்குக் கடை என்றால் அந்த அலுமாரிதான். நல்ல புத்தகமா ஒன்று கொடுங்கள் அக்கா என்று யாராவது வந்து நின்றால் போதும், டவுனில் வேறு யாருக்கும் கிடைக்காத மரியாதை எனக்குக் கிடைத்துவிட்டது போல இருக்கும். யாருக்கு என்று தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது என்று அவரைப் பிடித்து உட்கார வைத்து, ஊர் பேர், தொழில், தூக்கம் எப்படி வருகிறது என்பது வரை விசாரிப்பேன். பக்கத்துப் பார்மசிக்காரர் கூட இவ்வளவு கேட்பதில்லை என்று உன் அப்பா முணுமுணுப்பார். அவர் முணுமுணுக்கட்டும், நான் கேட்டுத்தான் கொடுப்பேன்.

நோட்டன் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறானே, அந்தப் பையனுக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். அது அவனுக்கு ஆகாது என்று எனக்குத் தெரிய வந்தது பயணிகள் சொல்லித்தான். கொலைகாரன் யாரென்று தெரியப்போகிற இடம் வந்தால் மணியடிக்க மறந்துவிடுவானாம், இறங்க வேண்டிய சனம் எல்லாம் அடுத்த தோட்டத்தில் இறங்கித் திரும்ப நடக்குமாம். ஊர் நன்மைக்காக அவனிடம் ஒரு குடும்பக் கதையைக் கொடுத்துப் பார்த்தேன். மறுநாளே கொண்டுவந்து மேசையில் வைத்து, பாதிவரை வந்தும் ஒருத்தர் கூடச் சாகவில்லையே என்று வருத்தப்பட்டான். பேய்க்கதை வேறு ஒரு தொல்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு பெண், மழைக்காலம் வந்தால் என்னிடம் பேய்க்கதை வாங்கிப் போய் லயத்தில் சத்தமாக வாசிப்பாள். வரிசை வீடு அல்லவா, பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் கூடிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அந்த லயத்து ஆண்கள் கூட்டமாகக் கடைக்கு வந்தார்கள். இருட்டினால் பொம்பளைகள் யாரும் தனியாகக் கக்கூசுக்குப் போவதில்லை, துணைக்குப் போய்ப் போய்த் தங்களுக்குத் தூக்கம் போய்விட்டது, வேறு ஏதாவது கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். ராஜாக்களின் வரலாறு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். இரண்டாம் பக்கத்திலேயே லயம் முழுக்கத் தூங்கிவிட்டதாம். எழுதியவருக்கு இது தெரிய வேண்டாம்.

கவிதை வாங்க வருகிற பையனை எனக்குத் தூரத்திலேயே தெரியும். அவன் புத்தகத்தைப் பார்க்க மாட்டான், தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பான். அதே பையன் அடுத்து வருவது பஞ்சாங்கம் வாங்க, அதற்கடுத்துக் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் புத்தகம் வாங்க, அதற்கும் பிறகு முதலாம் வகுப்புக்குக் கொப்பி வாங்க. கல்யாணத்துக்குப் பிறகு கவிதை அலுமாரிப் பக்கம் திரும்பிய ஒரு ஆம்பிளையை நான் இன்னும் பார்க்கவில்லை. நீயாவது திரும்பு. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்கிற வகைப் புத்தகங்கள் நன்றாக விற்கும், ஆனால் வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பதில்லை. உன் அப்பாவுக்கு ஒருமுறை தன்னம்பிக்கை பற்றிய புத்தகம் ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு அது இல்லையென்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கேட்டு வருகிறவருக்குக் கொடுத்தால் அது புத்தகம். கேட்காதவருக்குக் கொண்டுபோய் நீட்டினால், உன்னைப் பற்றி நான் இப்படித்தான் நினைக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் அது. எனக்கு வரவில்லையே அந்தப் புத்தி.

உன் மாமா ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவது உனக்குத் தெரிந்ததுதான். அத்தை தவறிப்போன பிறகு நோட்டன் பிரிட்ஜ் வீட்டில் அவர் தனி ஆள், பிள்ளைகளும் இல்லை. காலை பஸ்ஸில் ஒரு பை லீக்ஸ் மரக்கறியோடு வந்து இறங்குவார். மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுவார். வாயைத் திறந்தால் குறை. சோறு குழைந்துவிட்டது, கருவாட்டில் புளி காணாது, சம்பலுக்கு அரைத்தாயா இடித்தாயா. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த மனுஷன். வேலை செய்த காலம் பூராகக் கூடைக்குள் கையை விட்டு முற்றின இலையைத் தேடி எடுத்தவர், என் சட்டிக்குள்ளும் அதையே தேடினார். இவ்வளவையும் சொல்லிக்கொண்டே மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிடுவார். ஆறு நாளும் கடையில் நின்று, ஏழாம் நாள் விடியற்காலையில் எழும்பித் தேங்காய் துருவுகிற எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். அண்ணன் அல்லவா.

நிரோஷாவின் அப்பா அம்மா முதன்முதலில் நம் வீடு பார்க்க வந்தார்களே, அந்த ஞாயிறுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ வேலையில் மாட்டிக்கொண்டு வராத நாள் அது. சம்பந்தி அம்மா பருப்பை ஊற்றிப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து உன் மாமா, இவளுக்குச் சின்ன வயசிலிருந்தே உப்பு கைக்கு வராது என்றார். அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. உன் அப்பா இருமினார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அடுத்த ஞாயிறு அவர் வந்து உட்கார்ந்ததும், கடை அலுமாரியிலிருந்து எடுத்து அழகாகத் தாள் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். தனியாக இருப்பவர்களுக்கான சமையல் குறிப்புகள். அட்டையில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு கோப்பை. இனிமேல் உங்களுக்குப் பிடித்த மாதிரி உப்புப் போட்டுச் சாப்பிடலாம் அண்ணே என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பகிடி என்றுதான் நினைத்தேன். பாதி பகிடி, பாதி கோபம், உள்ளதைச் சொல்கிறேன்.

அவர் அட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். அன்றைக்கு ஒரு குறை சொல்லவில்லை, மறு சோறும் கேட்கவில்லை. சாப்பிட்டு எழுந்து தட்டைப் பைப்படிக்குக் கொண்டுபோய்த் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். என் வீட்டில் அவர் தட்டுக் கழுவி நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது. உன் அம்மாவின் புத்தியைப் பார், அதையும் பார்த்துவிட்டு, ஆள் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. போன் போட்டால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவார். அந்தக் கண்டக்டர் பையன்தான் ஒரு நாள் கடைக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, நோட்டன் கடைத்தெருவில் மாமா சொன்னதை எனக்குச் சொன்னான்.

"தங்கச்சி சோத்த நிப்பாட்டிட்டா. அதையும் அச்சடிச்சே குடுத்துட்டா."

உன் அப்பாவை வெற்றிலை பாக்கோடு அனுப்பினேன். மாமா அவரை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து, மழையைப் பற்றியும் லீக்ஸ் விலையைப் பற்றியும் நல்லபடியாகப் பேசிவிட்டு, கல்யாணப் பேச்சை எடுத்ததும், மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுவது எப்படி என்று உங்கள் கடையில் புத்தகம் இருக்கும், அதைப் பார்த்துக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் மச்சான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். உன் அப்பா திரும்பி வந்து அதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்கப் பார்த்தார். நான் அழுதேன். பெண் வீட்டில் வேறு, மாமன் வருகிறாரா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். தூரத்துச் சொந்தத்தில் ஒருவரை நிறுத்தலாம் என்று உன் அப்பா சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர் அவர், நீ கத்தின கத்தலில் அவரும் சேர்ந்து அழுதவர். அவர் இல்லாத மணவறையில் உன்னை உட்கார வைத்துப் பார்க்க என்னால் முடியாது.

நானே போவது என்று முடிவு செய்தேன். போன சனிக்கிழமை கடையைப் பூட்டுவதற்கு முன் அந்த அலுமாரி முழுக்கத் தேடினேன். பழக்கதோஷம், வேறென்ன. மன்னிப்புக் கேட்க ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போகலாமே என்றுதான். கதை இருக்கிறது, கவிதை இருக்கிறது, சாமி புத்தகம் இருக்கிறது, ஆடு வளர்ப்பது எப்படி என்று கூட இருக்கிறது. அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஒன்றும் இல்லை. போன ஞாயிறு வெற்றிலை பாக்கையும் உனக்காக வாங்கி வைத்திருந்த தலைப்பாகைத் துணியையும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க மழை. என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே போனதில் இறங்கும்போது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

கதவு திறந்துதான் இருந்தது. மாமா தோளில் துண்டோடு குசினியில் நின்றார். அடுப்புக்குப் பக்கத்தில், உப்புப் போத்தலில் சாய்த்து வைத்து, அந்தப் புத்தகம் விரிந்திருந்தது. பக்கமெல்லாம் மஞ்சள் கறை. என்னைத் திரும்பிப் பார்த்து, வா என்றார். அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் பலகையைப் போட்டுத் தட்டை வைத்தார். சோறு, பருப்பு, லீக்ஸ், பொரித்த கருவாடு. நான் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். கடவுளே, அவ்வளவு உப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. சோறு வேகவில்லை, லீக்ஸில் மண். வந்த காரியம் நடக்க வேண்டுமே என்று அத்தனையையும் விழுங்கிவிட்டு, நல்லா இருக்கு அண்ணே என்றேன். அவர் கரண்டியைச் சட்டிக்குள் போட்டார்.

"பொய் சொல்லாத புள்ள. நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறது விருந்தாளி. நீ என் வீட்டுக்கு விருந்தாளியா வந்தே?"

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி பேசினார்.

"ஒங்க அண்ணி போன பொறகு, வாயத் தொறந்து குறை சொல்ல எனக்கு ஒரே ஒரு வீடுதான் இருந்துச்சு."

மகனே, தட்டில் கை இருக்கும்போதே நான் அழுதேன். இத்தனை வருஷம் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் முகத்தைப் பார்த்துப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள், என் கூடப் பிறந்தவர் சாப்பிட்டுக்கொண்டே ஏன் குறை சொல்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மற்ற வீடுகளில் அவர் ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நன்றி என்று சொல்லி மரியாதையாக எழுந்து வருகிற ஆள். நம் வீட்டில் மட்டும்தான் அவருக்குப் புளி காணாமல் போனது. அது எனக்குத் தெரியவில்லை. இடது கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிறகு பிடிபிடியென்று பிடித்தேன் பார். பருப்பா இது, கடல் தண்ணியா. சோறு வேகும் முன்னே எதற்கு இறக்கினீர்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா. லீக்ஸைக் கழுவாமலே நறுக்கினீர்களா, மண்ணும் சேர்த்து விற்கிறார்கள் என்று நினைத்தீர்களா. கருவாட்டை இப்படிக் கருக்கி வைத்திருக்கிறீர்களே, இதைப் பூனை கூடச் சாப்பிடாது. ஒன்றையும் விடவில்லை. அவர் திரும்பி நின்று முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் புத்தகத்தைத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"எல்லாம் ஒன் புத்தகந்தான். உப்பு தேவையான அளவுன்னு போட்டிருக்கான். தேவையான அளவு எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்கு இதப் பாக்கறேன்? இத வித்தவள ஒதைக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் கையைக் கழுவிவிட்டு, வெற்றிலை பாக்கை எடுத்து வேறு தட்டில் வைத்து, பிள்ளைக்குக் கல்யாணம் அண்ணே, நீங்கள் வராவிட்டால் நடக்காது என்றேன். அவர் வெற்றிலையைத் தொடவில்லை. சமையல் யார் என்று கேட்டார். ஹட்டனில் ஆட்களைப் பேசியிருக்கிறோம் என்று சொன்னேன். ஹட்டன்காரர்களா என்றார். அப்படியென்றால் நான் வராமல் எப்படி, அவர்களுக்குச் சாம்பார் வைக்கத் தெரியாதே என்று சொல்லிக்கொண்டே வெற்றிலையை எடுத்து மடித்தார். பிறகு தலைப்பாகைத் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது என்ன துணி, வழுக்கிக்கொண்டு காதில் வந்து நிற்கும், உனக்குத் துணி பார்க்கவும் தெரியாது, நானே வேறு வாங்கி வருகிறேன் என்றார். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. இதை எழுதுவது சனி இரவு, நாளைக்கு ஞாயிறு. காலை பஸ்ஸில் வருகிறார். நான் உப்பை எப்போதும் போலத்தான் போடப் போகிறேன்.

இனி உன் லிஸ்டுக்கு வருகிறேன். லிஸ்ட் கிடையாது. அடுத்த முறை வரும்போது நிரோஷாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வா. அந்த அலுமாரிக்கு முன்னால் அவளை விட்டுவிட்டு, நீ பையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நில். நானும் பேசாமல் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன், எனக்கு அது பெரிய கஷ்டம், ஆனாலும் இருப்பேன். அவள் கொலைக்கதை எடுத்தாலும் சரி, கவிதை எடுத்தாலும் சரி, ஆடு வளர்ப்பு எடுத்தாலும் சரி, இது ஏன் என்று கேட்காதே. அவள் வாசித்து முடித்ததும் அதையே வாங்கி நீயும் வாசி, கடைசிப் பக்கம் வரை. ஆசைப்பட்டு நீயாக ஒன்று வாங்கிக் கொடுக்கத்தான் செய்வாய், என் பிள்ளைதானே. புதிதில் நீ எதைக் கொடுத்தாலும் அவள் நல்லா இருக்கு என்றுதான் சொல்வாள். நம்பாதே. அது விருந்தாளிப் பேச்சு. என்றைக்கு அவள் நீ கொடுத்த புத்தகத்தைப் பாதியில் மூடி உன் முன்னால் போட்டு, என்ன குப்பையை வாங்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்கிறாளோ, அன்றைக்கு எனக்கு ஒரு போன் போடு. வீட்டுக்கு இன்னொரு ஆள் வந்துவிட்டது என்று உன் மாமாவுக்குச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா